அடையாறின் கடைசி ‘று’

“எங்க தேடியும் அந்த ஒரு கால் மட்டும் கிடைக்கலடி” என்று முன் இருக்கைப் பெண் சொன்னதும், பக்கத்தில் நின்றிருந்தவர் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். கொலுசு என்று நினைத்திருப்பார். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், மந்தைவெளியில் ஏறிய கல்லூரித் தோழிகள் இருவர்.

“எந்தக் கால்?”

“கிரேக்கப் பாட்டுல சீருக்குக் கால்னு பேரு. குறில், குறில், நெடில், குறில். இது அபூர்வமாத்தான் வரும். இன்னிக்கு கிளாஸ்ல இதுக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லணும்.”

“அடையார் இறங்குறவங்கல்லாம் முன்னாடி வா!” என்று கத்தினார் நடத்துனர்.

“அடையாறு!” தோழி துள்ளினாள். “அ, டை, யா, று!”

“டை நெடிலாச்சே?”

“நடுவுல வந்தா ஐ குறுகிடும். ஸ்கூல்லயே படிச்சோமே.”

“ஆனா அவர் அடையார்னுதானே சொன்னாரு? ‘று’ போச்சுன்னா அது சாதாரணக் கால்டி. எல்லாப் பாட்டுலயும் வரும்.”

இருவரும் நடத்துனரைப் பார்த்தார்கள்.

“அண்ணா, ஒரே ஒரு தடவை ‘று’வையும் சேத்துச் சொல்லுங்கண்ணா. இவளுக்கு மார்க் இருக்கு.”

“இன்னாமா, லேடீஸுக்கு டிக்கெட்டு ஃப்ரீ. ‘று’வும் ஃப்ரீயா குடுக்கணுமா?”

பேருந்து நின்றது. பெண்கள் முகம் வாடி இறங்கினார்கள். விசிலை வாயில் வைத்த நடத்துனர், என்ன தோன்றியதோ, அதை எடுத்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“அடையாறூ…!”

கீழேயிருந்து குரல் வந்தது: “ஐயோ, குறிலை நெடிலாக்கிட்டாரேடி!”