வகுப்பில் தூங்கிய மகள்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் மக வகுப்புல தூங்கிட்டான்னு நேத்து டீச்சர் போன் பண்ணாங்கக்கா. எனக்கு அம்புட்டு சந்தோசம்" என்றாள் இளையவள்.

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இதுல என்னடி சந்தோசம்?"

"மாசக்கணக்கா அவளுக்குத் தூக்கமே இல்லக்கா. எம்புட்டு சாப்பிட்டாலும் மெலிஞ்சுகிட்டே போனா. பேனா பிடிச்சா கை நடுங்கும். பரீட்சை பயம்னு நெனச்சோம். ஒருநாள் மாடிப்படி ஏறையில, நெஞ்சு தாறுமாறா அடிக்குதும்மான்னு உக்காந்துட்டா. அள்ளிப் போட்டுகிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம்."

"இருதயத்துலயா கோளாறு?"

"அப்படித்தான் பதறுனோம். ஈசிஜி எடுத்தாங்க, ரத்தமும் எடுத்துப் பாத்தாங்க. இருதயம் நல்லாத்தான் இருக்கு, தைராய்டு அதிகமா சுரந்து அதைப் போட்டு வெரட்டுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை குடுத்த பெறகு கொஞ்சங்கொஞ்சமா அடங்கிருச்சு."

டோல்கேட்டில் பேருந்து நின்றது.

"அப்ப இனிமே பயமில்லைல?"

"மாத்திரைய மட்டும் விடக் கூடாதாம். எனக்குத்தான் மனசு கேக்கலக்கா. நேத்து ராத்திரியும் அவ நெஞ்சுல கைய வச்சுப் பாத்துகிட்டு இருந்தேன்" என்றவள் சிரித்தாள். "கைய எடும்மா, தூக்கம் வருதுன்னு திரும்பிப் படுத்துட்டா."