ஓடைப் பாலத்துக் கற்கள்

காபியில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எங்கள் பக்கம் அப்படித்தான். சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் சார். ஓசூரிலிருந்து மழையில் ஜீப்பில் வந்திருக்கிறீர்கள், ஓடைப் பாலத்துக் கற்களை யார் பெயர்த்தது என்று விசாரிக்க. நான்தான் பெயர்த்தேன். பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் வெங்கடப்பன் என்றே எழுதிக்கொள்ளலாம். அதில் தகராறு ஒன்றுமில்லை. ஏன் என்பதையும் என் வாயாலேயே கேட்டுவிட்டால் உங்களுக்கு வேலை மிச்சம்.

கிருஷ்ணகிரி அணை வேலை தொடங்கியதிலிருந்து இந்த ரோட்டில் லாரி ஓய்ந்ததில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டுகிறவன், கூடை சுமக்கிறவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும் அதே தார் ரோட்டில்தான் நடந்தார்கள். என் மனைவி செல்வம்மாள் அதில்தான் போய்ச் சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, அதன் பின்பக்கமாக ரோட்டைத் தாண்டினாள். லாரிக்காரனைக் குற்றம் சொல்ல மாட்டேன். இறங்க இடமே இல்லாத இடத்தில் அவளை இறக்கிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் என் மகள் முனிலட்சுமியும்தான். அவள்தான் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நீ பிரசிடெண்ட்டுதானே? நடக்கறவங்களுக்குன்னு ஒரு வழி போடேன்."

பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஜனங்கள் நடக்க ரோட்டோரம் உயர்த்திக் கல் பதித்திருந்தார்கள். என் கேழ்வரகுக் கொல்லையை போர்டுக்கு எழுதிக் கொடுத்தேன். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி பஸ் வந்து நிற்க இடம், அதைச் சுற்றிக் கடைகள், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், அப்புறம் வீட்டு மனைகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கல் பதித்த நடைபாதை, ஓரமாகப் புங்க மரம். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒரு பெண்பிள்ளை லாரி போகிற வழியில் கால் வைக்காமலே வீடு போய்ச் சேர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். நீங்களே இப்போது ஜீப்பை விட்டு இறங்கி அதில்தான் நடந்து வந்தீர்கள், கால் நனைந்ததா?

கல் வேலைக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களை நாங்கள் அப்படிச் சொல்வது வழக்கம். தலைமுறையாக எங்கள் நிலங்களில் கூலி வேலை செய்கிற ஜனங்கள். கரியப்பன் மகன் மாரிசாமியும் வந்தான். முனிலட்சுமி எல்லாருக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுக்கச் சொன்னவனே நான்தான். வெயிலில் தாகம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறவன் நான்.

வேலை முடியும் முன்னே அவள் மாரிசாமி வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டப்பகலில், ஓடைப் பாலத்தின் மேல் நடந்து போனாள். வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நீ அடிக்கறதுன்னா அடிப்பா. ஆனா நான் ஓடிப்போயிட்டேன்னு மட்டும் சொல்லாதே. உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போறேன்."

நான் அடிக்கவில்லை.

அதோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவள் திரும்பத் திரும்ப வந்தாள் சார். பஸ் ஏற, கடைக்கு, தபாலாபீசுக்கு, அவள் அம்மாவை நினைத்து நான் போட்ட பாதையில் அவனோடு சேர்ந்து நடந்தாள். ஊர்க்காரர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்கு நேராக வந்ததும் அவள் நடையைத் தளர்த்தி ஜன்னலைப் பார்ப்பாள். நான் இருட்டுப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அவள் போன பிறகும் கொலுசுச் சத்தம் காதிலேயே இருக்கும்.

நடைபாதைக்குக் கடைசியில் கல் குறைந்தது. ஓடைப் பாலம் என்பது பலகைக்கற்களை வரிசையாகப் போட்டதுதான். பாலம் ஆட்டம் கண்டுவிட்டது, பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று போர்டில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்கும் தெரியும். கற்களைப் பெயர்த்து இங்கே பதித்தோம். கோடையில் ஓடை வெறும் மணல், இறங்கி நடந்துவிடலாம். மழைக்காலத்தில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வரலாம். தூரம் அதிகம், ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

புரட்டாசி முடிகிற சமயம் கரியப்பன் வந்தான். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரமாக நின்றான்.

"சாமி, மழை புடிச்சுக்கும். ஊட்டுல வயித்துப் புள்ளக்காரி இருக்கறா. ரெண்டு கல்லாவது போட்டுக் குடுங்க."

"எந்த வயித்துப் பிள்ளைக்காரி?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. முனிலட்சுமிக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடை இரு கரையும் புரண்டு போனது. அவர்கள் ஓடையைத் தாண்டுவதற்குள் பஸ் போய்விட்டது, ஏரிக்கரையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், கரை மேலேயே உயிர் போனது, பிள்ளை வெளியே வரவே இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் உங்களுக்கு இதைத்தான் சொல்வார்கள். கரியப்பனும் கல்லைப் பற்றி மட்டும்தான் புகார் கொடுத்திருக்கிறான். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

பஸ் தானாகப் போகவில்லை சார். இங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

நான் நடைபாதையில் குடையோடு நின்றிருந்தேன். இங்கிருந்து பார்த்தால் அக்கரை நன்றாகத் தெரியும். கட்டிலைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கினார்கள். மாரிசாமி ஓடையில் இறங்கினான். நெஞ்சுக்குத் தண்ணீர் வந்ததும் கால் பாவாமல் பின்வாங்கினான். கத்தினான், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடையில் தாம்புக்கயிறு இருந்தது. பஸ்ஸில் ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். கயிற்றை வீசி, ஆளுக்கு ஒரு கை பிடித்தால் கட்டிலை இக்கரைக்குக் கொண்டுவந்திருக்கலாம். வேறு ஊர்க்காரர்கள் அவர்கள், பிடித்திருப்பார்கள். பிடித்த பிறகு என்ன? கட்டில் இந்தக் கரை ஏறும். ஊரே பார்க்க அவள் என் காலடியில் கிடப்பாள். நான் குனிந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் தூக்கிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

கண்டக்டர் சென்னகிருஷ்ணன் கீழே இறங்கி வந்தான். நல்ல பையன்.

"பிரசிடெண்டய்யா, அக்கரையில கட்டில வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே. யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? வண்டிய நிறுத்தி வைக்கட்டுமா?"

"பொணம்ப்பா அது" என்றேன். "சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. நீ வண்டிய எடு."

அவன் அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி விசில் கொடுத்தான். அவன் முதுகு திரும்பின பிறகுதான் அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். பஸ்ஸை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பார்த்ததும் கையைத் தூக்கினாள். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பி மறைகிற வரைக்கும் அந்தக் கை இறங்கவே இல்லை. அப்பா நிற்கிறார், வண்டியைப் போக விட மாட்டார் என்று நினைத்திருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பயம் இருந்திருக்காது சார். நான் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றேன் இல்லையா.