ஒரு வீட்டில் ஒருவர்

சுவிஸில், பேர்ண் நிலையத்தில் ட்ராம் ஏறியபோது முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "என்ர ரெண்டு மகளில ஒருத்தியைத்தான் எடுக்கலாமாம்" என்றார் கண்ணாடி போட்டவர். அதற்குப் பிறகு என்னால் போனைப் பார்க்க முடியவில்லை.

மகள்கள் இருவரும் ஒரு கிரிக்கெட் கழகத்தில் துடுப்பாடுகிறவர்கள். கழகம் போனில் நடத்தும் ஃபான்டசி போட்டியில் வீராங்கனைகளும் பெற்றோரும் ஆளுக்கொரு கற்பனை அணி தெரிவு செய்வார்களாம். தெரிவானவர்கள் மைதானத்தில் அடிக்கிற ரன்தான் தெரிவு செய்தவருக்குப் புள்ளி. ஆனால் ஓர் அணியில் ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

"ஆர் நல்லா அடிக்கிறது?" என்று நண்பர் கேட்டார்.

"அதுதானே அண்ணை சிக்கல். ரெண்டும் இடதுகை. பெரியவள் முதல் பந்திலயே இறங்கி அடிப்பாள். சின்னவள் நிண்டு பாத்து அடிப்பாள். முடிவில ரன் ஒரே அளவாத்தான் வரும். பாக்க அவ்வளவு வடிவு."

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுமன்."

"ஆரை எடுத்தனான் எண்டு எல்லாருக்கும் தெரியவரும். மற்றவளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

அப்போது அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. அதை நண்பருக்கு வாசித்துக் காட்டினார். "பெரியவள் போட்டிருக்கிறாள். 'அப்பா, தங்கச்சியை எடுங்கோ. நானும் அவளைத்தான் எடுத்திருக்கிறன்.'"

"பிறகென்ன, பிரச்சினை முடிஞ்சுது."

"ஓம் அண்ணை, முடிஞ்சுது" என்றவர் போட்டிப் பட்டியலைத் திறந்து, தன் அணிக்குப் பெரியவளின் பெயரை அழுத்தினார். "சின்னவள் கேட்டா இந்த மெசேஜைக் காட்டுறன். வாசிச்சா அவளும் அக்காவைத்தான் எடுப்பாள்."