ஒற்றை இழுப்பில் கழன்ற வளையம்

அணையின் ஆழத்தை அளந்தோர் பலர் இருக்க, ஆழத்தில் இறங்குவோரின் மூச்சை அளந்து காத்தவரே! வட்டவடை மலையில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் கருவி அறையின் கண்ணாக விளங்கி, இன்று பணி ஓய்வு பெறுபவரே! கருவிக் காப்பாளர் பெரியமுத்து அவர்களே! வணக்கம்.

உங்கள் புகழை உங்களிடமே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையோரிடம் சொல்கிறோம். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

1973ஆம் ஆண்டு மழைக்குப் பிறகு, மதகின் கம்பித் தடுப்பில் சிக்கிய கட்டைகளை எடுக்க எங்கள் மூழ்காளர்கள் ராக்கப்பனும் சுடலையும் நீருக்குள் இறங்கினார்கள். சுடலையின் முதுகுச் சிலிண்டரில் காற்று தீர்ந்தது. அன்றைய வழக்கப்படி வாயில் கடித்து மூச்சிழுக்கும் ராக்கப்பனின் ஒரே மவுத்பீஸை இருவரும் மாற்றி மாற்றிக் கடித்தபடி மேலேறினார்கள். கலங்கிய குளிர்நீரில் அது ஒருமுறை கை தவறியது. சுடலை தண்ணீரைக் குடித்துவிட்டார். கரையில் கயிறு பிடித்து நின்ற பெரியமுத்து, நீலம் பாரித்த அந்த முகத்தைக் கண்டார். சுடலை பிழைத்தார், ஆனால் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை; பிரிவின் கரை வேலைக்கு மாறிக்கொண்டார்.

"இனி ஒருத்தனும் இப்படி மேல வரக் கூடாது" என்றார் பெரியமுத்து. அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது.

சிலிண்டர் காற்றின் வேகத்தை அடக்கி வாய்க்கு அனுப்புவது ரெகுலேட்டர். அதன் தலைப்பகுதியில் திருகாணியால் அடைத்த துவாரம் ஒன்று சும்மா கிடந்தது. பெரியமுத்து அதில் இன்னொரு குழாயைப் பொருத்தி, இரண்டாவது மவுத்பீஸ் வைத்தார். இருவர் அருகருகே நீந்த வேண்டுமே என்று குழாயை நீளமாக வைத்தார். கலங்கலில் கண்ணுக்குப் படட்டும் என்று மஞ்சள் பூசினார். பூட்டிய ரெகுலேட்டரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று உறுதி செய்தார்.

ஆனால் அது எங்கே இருக்க வேண்டும்? தொங்கவிட்டால் சேற்றில் இழுபடும். அதன் வாய் மேல்நோக்கித் திரும்பினால் காற்று தானே கொட்டித் தீரும். எனவே தாடைக்கும் விலாவுக்கும் நடுவே, பார்க்காமலே கைபடும் இடத்தில், நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். அங்கேதான் தவறினார். வட்டவடையில் பூண்டு மூட்டைக்குப் போடும் முடிச்சையே அவர் கை போட்டது. ஜீப் எத்தனை குலுங்கினாலும் அவிழாத முடிச்சு அது!

கரையோர ஆழமில்லாத நீரில் சோதனை. ராக்கப்பன் இழுத்தார், இழுத்தார், வரவில்லை. தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "அண்ணாச்சி, இது பூண்டு மூட்டையில்ல, உசுரு! மூணாறு சந்தைக்கா அனுப்பப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியமுத்து சிரிக்கவில்லை, கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தார். பழைய சைக்கிள் டியூபில் விரல் அகல வளையம் வெட்டி, மார்ப்பட்டையில் கோத்து, மவுத்பீஸை அதில் செருகினார். நீந்தினால் நழுவாது; இழுத்தால் நிற்காது. அன்று ராக்கப்பனை நாற்பது முறை இழுக்க வைத்தார். அதன்பின் எவர் இறங்கினாலும் இரண்டு மவுத்பீஸிலும் மூச்சிழுத்து, வளையத்திலிருந்து ஒருமுறை இழுத்துக் காட்டினால்தான் கயிற்றைக் கையில் எடுப்பார்.

1976இல் நாற்பதடி ஆழத்தில், சித்தூர்ப் பக்கத்து நஞ்சப்பனின் காற்று நின்றது. அவர் ராக்கப்பனின் நெஞ்சில் மஞ்சளைக் கண்டார், இழுத்தார். ஒரே இழுப்பு! இருவரும் தத்தம் வாயில் தத்தம் மூச்சோடு, அவசரமில்லாமல் மேலே வந்தார்கள். கரையேறிய பிறகும் நஞ்சப்பன் மவுத்பீஸை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஏப்பா, அதக் கக்கு. இங்க காத்து சும்மாதான கெடக்கு!" என்றார் ராக்கப்பன்.

நஞ்சப்பன் நொடிப்பொழுது வாயிலிருந்து எடுத்து, "இருங்கண்ணா, இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்று மறுபடி கடித்துக்கொண்டார்.

பெரியமுத்து வாழ்த்து எதற்கும் நிற்கவில்லை. அந்த வளையத்தை வெளிச்சத்தில் விரித்து, மயிரிழை வெடிப்பொன்றைக் கண்டு, புதியதை வெட்டி மாட்டினார்.

பெரியவரே! நீங்கள் வீசிய பழைய வளையத்தை நஞ்சப்பன் எடுத்து வைத்திருந்தார். இம்மடலின் சட்டத்தில் அதுவே இருக்கிறது. நாளை முதல் நீங்கள் கரையில் இல்லை. ஆயினும் இழுத்துப் பார்க்காமல் எங்களில் எவரும் இறங்க மாட்டோம். இது உறுதி! நோயின்றி, நிறைந்த மூச்சோடு நூறாண்டு வாழ்க!

வளையத்தை நாங்கள் ஒட்டவில்லை, முடிச்சுப் போடவில்லை, செருகித்தான் வைத்திருக்கிறோம். நம்பிக்கை இல்லையென்றால், ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

31.5.1978

அன்புடன், அணை நீர்மூழ்கிப் பிரிவினர்:
ராக்கப்பன்
சுடலை
நஞ்சப்பன் (இன்னும் மூச்சு விடுகிறவன்)