பிசகாத பதினைந்து கிலோ

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: சென்ற மார்ச் மாதம் பியூப்ளோ நகரத்தில் எங்கள் ஆலையிலிருந்து வெளியேறிய கஞ்சாப் பிசின் தொகுதி சரியாகப் பதினைந்து கிலோ இருந்தது. ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவில்லை. கஞ்சாத் தொழிலுக்கு உரிமம் கொடுக்கும் கொலராடோ மாநிலமே எழுந்து நின்று இந்தச் செய்தியைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன், டிடெக்டிவ் லூசெரோ.

உங்கள் காப்பி பரவாயில்லை. உள்ளே வரும்போது என் டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதிமுறை அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் ஆலையில் டை கட்டிய ஒரே ஆள் நான்தான். என் வேலை அப்படி. விதிமுறைக் கண்காணிப்பாளர் லேலண்ட் ஹக். மற்றவர்கள் செடியிலிருந்து பிசின் எடுத்தார்கள். எடுத்தது எவ்வளவு என்று அரசாங்கத்துக்குச் சொன்னவன் நான். நான் சொல்லும் வரை அந்தப் பிசின் உலகத்தில் இல்லை என்றுதான் பொருள்.

முதலாளி பிரெண்ட் ஹாலோவேயைச் சந்தித்திருப்பீர்கள். முன்பு நீச்சல் குளம் விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது வெறுங்காலோடு நடக்கிறார். திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பித்தளைக் கிண்ணம் ஒன்றைத் தட்டித் தொடங்குவார். அதன் ஓசை அடங்கும் வரை எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "இந்தச் செடி நம்மகிட்ட என்னமோ சொல்ல வருது, குடும்பமே. காது குடுத்துக் கேளுங்க" என்பார். என்னிடம் அது எதுவும் சொன்னதில்லை. நான் அதை எடைதான் போட்டேன்.

கணக்கு எளியது. நன்றாக உலர்ந்த பூ நூறு கிலோவை உள்ளே போட்டால் பதினைந்து கிலோ பிசின் தேறும். பறித்தவுடன் உறையவைத்த பூ வேறு விஷயம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நாற்பது கிலோ உறைந்த பூ என்பது உண்மையில் எட்டு கிலோ பூவும் ஒரு குட்டை நீரும். அதில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தேறினாலே அதிர்ஷ்டம். இந்த வித்தியாசம் எங்கள் ஆலையில் துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும்.

அடுத்தது சம எடை. எட்டு கிராம் பிசின், ஒரு அவுன்ஸ் பூவுக்குச் சமம் என்று மாநிலத்தின் கணக்கு. ஆகவே பிசினில் ஒரு சிறு துளி காணாமல் போனாலும், பூக் கணக்கில் அது ஒரு கைப்பிடியாக வளர்ந்து நிற்கும். அரசாங்கம் அந்தக் கைப்பிடியைத்தான் பார்க்கும். அது கள்ளச் சந்தைக்குப் போயிற்று என்றுதான் நினைக்கும்.

மார்ச்சில் பண்ணையிலிருந்து நூறு கிலோ வந்தது. பத்துப் பெட்டிகள். மாநிலக் கணக்கில் பதிவேற்றியது நான். பிசின் எடுத்தது வேட் ஸ்டாக்கர். தாடிக்காரன், கெட்டிக்காரன், எதையும் பாதிச் சிரிப்போடு சொல்பவன். அவன் கொண்டுவந்து வைத்தது பத்து கிலோ இருநூறு கிராம்.

நாலு கிலோ எண்ணூறு கிராம் குறைந்தது. அதன் சம எடை அறுநூறு அவுன்ஸ். பதினேழு கிலோ பூ. அந்த வாரமே மாநிலத்திலிருந்து ஒருவர் தணிக்கைக்கு வருவதாக இருந்தது. உரிமம் போனால் ஐம்பத்து சொச்சம் பேருக்கு வேலை போகும். நான் செய்ததெல்லாம் அந்த ஐம்பது பேருக்காகத்தான் என்பதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கிண்ணத்தின் ஓசை அடங்கியதும் நான் எழுந்தேன்.

"வேட், மிச்சப் பிசின் எங்க?"

"எந்த மிச்சம்? வந்தது அவ்வளவுதான்."

"நூறு கிலோவுக்குப் பதினஞ்சு. மூணாங்கிளாஸ் பையன் கணக்கு."

"அப்ப மூணாங்கிளாஸ் பையனையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லு. என் மெஷின்ல ஒண்ணும் தப்பு இல்ல. உன் கணக்குலதான் எங்கயோ இடிக்குது, லேலண்ட்."

"என் கணக்குல தப்புன்னா, இந்த டையைக் கழட்டி எல்லார் முன்னாலயும் தின்னுறேன்."

அப்போது பின் வரிசையிலிருந்து யோலாண்டா அர்ச்சுலெட்டாவின் குரல் வந்தது. புகை இழுக்கும் மின்பேனாவில் செருகுகிற கார்ட்ரிட்ஜ்களில் பிசின் நிரப்பும் பிரிவில் இருப்பவர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் என்னை 'மிஹோ', அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

"வெறும் டை தொண்டையில எறங்காது, மிஹோ. பச்சை மிளகாய்க் குழம்பு கொண்டாரேன். ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடு."

எல்லோரும் சிரித்தார்கள். பிரெண்ட் சிரித்தார். புதிதாக வந்த காவலாளிகூடச் சிரித்தான். வேட் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தான். நான் பொதுவாகக் கோபப்படுகிறவன் இல்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

"திருடினவன் யாருன்னு தெரியற வரைக்கும் வேட் வீட்ல இருக்கட்டும்" என்றேன். பிரெண்ட் தலையாட்டினார். போகும்போது வேட் கதவருகில் நின்று, "குளிர் அறைய ஒரு தடவ போய்ப் பாரு, தொர" என்றான்.

போய்ப் பார்த்தேன். பெட்டிகளின் காலிப் பைகள் பண்ணைச் சீட்டோடு அங்கேயே கிடந்தன. ஆறு பெட்டிகள் உலர்ந்தவை. நான்கு உறைந்தவை. பத்தையும் உலர்ந்தவை என்று நான் பதிவேற்றியிருந்தேன்.

இதைப் பிழை என்று நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. நான் அதை வகை முரண்பாடு என்று சொல்வேன். பெட்டிகள் வந்த அன்று பிரெண்ட் என் அறைக்கு வந்து, செடியின் ஆன்மாவைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த நிலையில் யாருக்கும் முரண்பாடு ஏற்படும். வேட் எடுத்த எடை சரிதான். மிகச் சரி. உண்மையில் மெச்சத்தக்க வேலை. அவன்மேல் எனக்கிருந்த ஆத்திரம் அந்தக் கணத்தில் இரண்டு மடங்கானது.

ஆகவே எண்ணை எடைக்கு ஏற்ப மாற்றுவதா, எடையை எண்ணுக்கு ஏற்ப மாற்றுவதா என்று யோசித்தேன். எண் ஏற்கனவே மாநிலத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டுவிட்டது. எடைதான் இன்னும் என் கையில் இருந்தது.

கிடங்கின் மூலையில் ஒரு பீப்பாய் இருந்தது. முகத்துக்குப் பூசும் களிம்புகளில் சேர்க்கிற கெட்டியான எண்ணெய். நிறமும் பசையும் பிசினைப் போலவே இருக்கும். முன்பெல்லாம் சிலர் கார்ட்ரிட்ஜில் அதைக் கலந்தார்கள். இழுத்தவர்களின் நுரையீரல் வெந்துபோனதும் மாநிலம் தடை செய்தது. அந்தத் தடை அறிவிப்பை எங்கள் அறிவிப்புப் பலகையில் குத்தியவன் நான். நான்கு மூலைக்கும் ஊசி, கோணாமல். பீப்பாயைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியவனும் நான். அது அழிக்கப்படக் காத்திருந்தது. எனக்கும் அது ஒரு உறுத்தலாகவே இருந்தது. பட்டியலில் வராத பொருள் கிடங்கில் இருப்பது எனக்குப் பிடிக்காது.

சுத்தமான பிசினிலிருந்து எடுத்த மாதிரி முன்பே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், சான்றிதழும் வந்துவிட்டது. நாலு கிலோ எண்ணூறு கிராம் எண்ணெயை அளந்து ஊற்றினேன். இளஞ்சூட்டில் கிளறினேன். தராசு பதினைந்து காட்டியது. நான் பெருமைக்காரன் இல்லை. ஆனாலும் சற்று நேரம் அந்தத் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காணாமல் போனது எப்படித் திரும்பி வந்தது என்று ஒரு காரணம் வேண்டியிருந்தது. வேட் பயந்துபோய் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் சிரிக்கிற விதம் அப்படி. பிரெண்ட் கிண்ணத்தைத் தட்டி, மன்னிப்பைப் பற்றிக் கண்ணீரோடு பேசிவிட்டு, வேட் ஸ்டாக்கரை வேலையை விட்டுத் தூக்கினார். தணிக்கைக்கு வந்தவர் எண்களைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், "எல்லா ஆலையும் இப்பிடி இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல சார்" என்றார். இத்தனை காலத்தில் என் வேலையைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

யோலாண்டா அந்தக் கார்ட்ரிட்ஜ்களை வாங்குவார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். இளவயதில் இரும்பாலையில் வேலை பார்த்து இடுப்பு போனவர். ஊழியர் தள்ளுபடியில் வாங்கி, மதிய வேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று இழுப்பார். அவர் வாங்குவதைத் தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்னிடம் இல்லை. அதாவது, சொல்லக்கூடிய காரணம் இல்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிஹோ, இந்தத் தடவ சரக்கு ஒரு மாதிரி வழவழன்னு இருக்கே. நெஞ்சுல போய் ஒட்டுது."

"சர்ட்டிபிகேட் சுத்தமா இருக்கு, யோலாண்டா."

"நீ பாத்தியா?"

"நான் பாக்காம எது வெளிய போகும்?"

"அது சரி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இன்னொரு இழுப்பு இழுத்தார். இருமினார். அதில் கேலி இல்லை. வழக்கமாக அவர் பேச்சில் கேலி இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், இல்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சில நாட்களில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியா என்றார்கள். ஆலையில் எல்லோரும் கையெழுத்திட்ட நலம் பெறும் அட்டை ஒன்று போனது. பிரெண்ட் செடியின் படம் வரைந்தார். நான் பெயரை மட்டும் எழுதினேன், தெளிவாக.

பிறகு அவருடைய மகள் மரிசெலா தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், அம்மா இழுக்கிற பேனாவுல என்ன இருக்குன்னு டாக்டர் கேக்கறார். நிமோனியா மருந்து கேக்கலயாம். ஏதாவது எண்ணெய் கலந்திருந்தா வேற வைத்தியம் இருக்காம். உங்களக் கேட்டாத் தெரியும்னு அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. அவங்களால பேச முடியல, எழுதிக் காட்டினாங்க."

"என்ன எழுதினாங்க?"

"கணக்குப்பிள்ளையக் கேளு, அவனுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு."

எண்ணெய் எதுவும் இல்லை என்றேன். பிசின் மட்டும்தான் என்றேன். சான்றிதழின் நகலை மருத்துவருக்கு அனுப்பவா என்று நானாகவே கேட்டேன். அனுப்பினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் அடக்கம் நடந்தது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அதே டையைத்தான் கட்டியிருந்தேன்.

அந்தத் தொகுதியை இழுத்துப் படுத்த மற்ற ஒன்பது பேரை எனக்குத் தெரியாது. அவர்களில் மூவர் இன்னும் செயற்கைச் சுவாசக் கருவியோடு இருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு வருந்துகிறேன். வேட்தான் ஒரு கார்ட்ரிட்ஜை வாங்கித் தன் செலவில் வேறொரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனான் என்றும் சொன்னீர்கள். அவன் எப்போதுமே அப்படித்தான், அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பவன்.

நான் சொல்ல வருவது இதுதான். தப்பு நடந்தது எங்கே என்று பாருங்கள். கிண்ணம் தட்டிக்கொண்டு எதையும் சரிபார்க்காமல் கையெழுத்திடும் முதலாளி. சான்றிதழைக் காட்டினால் போதும் என்கிற மாநிலம். அவர்களுக்கெல்லாம் நடுவில் ஒழுங்காக வேலை செய்தவன் ஒருவன். ஐம்பது பேரின் வேலை தப்பியது. எடையில் ஒரு கிராம் பிசகில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், வகையைத் திருத்த வழி உண்டு. மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். உலர்ந்தது என்பதை உறைந்தது என்று மாற்றுவார்கள். தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். அபராதம் கிடையாது. உரிமத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. இது எனக்கு அன்றே, குளிர் அறையில் நிற்கும்போதே தெரியும்.

அப்படித் திருத்தியிருந்தால், அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வேட் தாடியைத் தடவியிருப்பான். யோலாண்டா பச்சை மிளகாய்க் குழம்பு கொண்டுவந்திருப்பார். எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

அவ்வளவுதான் நடந்திருக்கும்.