பச்சை எழுத்தில் ரெடி

ஏர்கோனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், மேடம். எனக்குக் குளிர் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் முன்பு எனக்கென்று ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது, ஆனால் ஏர்கோன் நன்றாக இருக்கும். போன வருடம் அந்த அறையை சர்வருக்குக் கொடுத்துவிட்டார்கள். சூடானால் அது கெட்டுப்போகுமாம். என் மேசையைத் தூக்கி மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு காற்றாடியும் வாங்கிக் கொடுத்தார்கள். நான் சூடானால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

என் பெயர் லோகேஸ்வரி. ரெங்கசாமி அண்ணனின் லோரி கம்பெனியில், அது தொடங்கிய காலத்திலிருந்து வேலை செய்கிறேன். சின்னக் கம்பெனிதான். ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில், பட்டறை கிள்ளானில், சரக்குக் கிடங்கு ரவாங்கில். மூன்றுக்கும் நடுவில் நான் இருந்தேன். எந்த லோரி ஓடும், எது பட்டறையில் கிடக்கிறது, எந்த டிரைவர் லீவு என்று எல்லோரும் எனக்குத்தான் போன் போட்டுக் கேட்பார்கள். காலையில் போனைக் காதில் வைத்தால் மத்தியானச் சோறு ஆறிப்போய்விடும். அதற்காக ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை.

சர்வரைக் கொண்டுவந்தது குகன். ரெங்கசாமி அண்ணனின் அக்கா மகன், படித்துவிட்டு வந்து நேராக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவன். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நல்ல சாமான்தான். கிள்ளானில் ஒருவர் எழுதினால் அடுத்த நிமிடம் ரவாங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அதே எழுத்து தெரியும். டிரைவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். லோரி நம்பருக்கு எதிரே சிவப்பில் 'எடுக்காதே' என்று இருக்கும், இல்லாவிட்டால் பச்சையில் 'ரெடி' என்று இருக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இனிமே உங்கள யாரும் தொல்லை பண்ணமாட்டாங்க அக்கா. எல்லாமே சர்வர்ல இருக்கு லா" என்றான் குகன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

தொல்லையாம். இத்தனை வருடம் நான் செய்தது வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மேடம். எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கோபத்தோடுதான் தினமும் டீ குடித்தேன், பில் அடித்தேன், வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னேன். போன் அடிப்பது ஒரே மாதத்தில் நின்றுபோனது. ரெங்கசாமி அண்ணனே என் மேசையைத் தாண்டிப் போய் குகனின் ஸ்க்ரீனை எட்டிப் பார்ப்பார். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் சின்னதாகத்தான் செய்து பார்த்தேன். ஒரு டிரைவர் கேட்டிருந்த லீவை சர்வரில் வேறு நாளுக்கு மாற்றி வைத்தேன். யாராவது, "இது சரிதானா லோகா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வேலைக்கு வராமல் போனதாகச் சொல்லி அந்த டிரைவரைக் குகன் ஆபீஸ் நடுவிலேயே நிற்கவைத்துத் திட்டினான். அந்த ஆளும், சர்வரில் அப்படியிருந்தால் தான்தான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். ஒரு பெட்டிக்கு இத்தனை மரியாதை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

யார் மாற்றினாலும் சர்வரில் அவர் பெயர் விழும், ஆனால் என் பெயர் விழாது. அதுதானே உங்களுக்குப் புரியாமல் இருப்பது? சொல்கிறேன். கிள்ளான் பட்டறைக்கு ஃபோர்மன் தம்புசாமி அண்ணன். அவருக்கு இரும்பு தெரியும், கீபோர்டு தெரியாது. குகன் ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தபோது, அவர் தன்னுடையதை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். "நீயே தட்டிவுட்டுரு தங்கச்சி, என் வெரலுக்கு ரெண்டு எழுத்து ஒண்ணா அமுங்குது" என்றார். அவர் பட்டறையிலிருந்து போனில் சொல்வார், அவர் பெயரில் நான் அடிப்பேன். அந்த ஒரு போன் மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்தது. குகனுக்கு இது தெரியாது. அவன் கேட்டதில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அவர் போன் செய்தார். பெரிய லோரிக்குப் பின் பிரேக் லைனிங் தேய்ந்து தீர்ந்துவிட்டது, சாமான் லீவு முடிந்துதான் வரும், சக்கரத்தைச் சும்மா மாட்டி நிறுத்தியிருக்கிறேன், 'எடுக்காதே' என்று போடு என்றார். போட்டேன். மறுநாள் அவர் பத்துமலைக்குக் காவடி எடுத்துப் போய்விட்டார். பட்டறையில் ஆள் இல்லை.

நான் காலையில் ஆபீசுக்கு வந்தேன். துறைமுகத்துக்கு ஏது லீவு? கிள்ளானிலிருந்து ரவாங்குக்கு ஒரு கொண்டெய்னர் அன்றைக்கே போக வேண்டியிருந்தது. தைப்பூசத்தன்று எங்கள் டிரைவர் முகமது ரஃபீக்தான் ஓட்டுவான். மற்றவர்கள் கோயிலுக்குப் போக, வருடா வருடம் அவனாகவே கேட்டு வாங்கிக்கொள்கிற முறை அது. ஹரி ராயா பெருநாளுக்கு இவர்கள் அவனுக்காக ஓட்டுவார்கள். அந்தச் சுமைக்குப் பெரிய லோரி வேண்டும். நான் தம்புசாமி அண்ணனின் பெயரில் உள்ளே போய், 'எடுக்காதே'யை 'ரெடி' ஆக்கினேன். ஒரு தட்டுதான். சிவப்பு பச்சையானது.

எனக்கு ரஃபீக் மேல் ஒரு கோபமும் இல்லை. குகனின் மூக்கு உடைபட வேண்டும், அவ்வளவுதான். லோரி எங்கேயாவது நின்றுபோகும், சரக்கு தாமதமாகும், சர்வரை நம்பினால் இப்படித்தான் என்று ரெங்கசாமி அண்ணனுக்கு உறைக்கும். வெற்று வண்டியாக இருந்தால் பிரேக் ஓரளவு பிடிக்கும் என்பதும், சுமையோடு ரவாங் போகிற இறக்கத்தில் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான்.

இறக்கத்தில் முன்னால் கார்கள் வரிசையாக நின்றிருந்தனவாம். அவன் அவற்றின் மேல் விடாமல், லோரியை ஓரத்துப் பாறையில் திருப்பிவிட்டான். அவன் உடலை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்புசாமி அண்ணனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள், அவர் பெயரில் 'ரெடி' இருந்ததால். அலகு குத்திய கன்னம் ஆறுவதற்கு முன்பே அழைத்துக்கொண்டு போனீர்கள். அவரோ, அலைச்சலில் தானேதான் போனில் மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று குழம்பிப்போய், என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் ஆபீசுக்கு வந்து குகனைக் கேட்டார்கள், ரெங்கசாமி அண்ணனைக் கேட்டார்கள், டீ கொண்டுவரும் பெண்ணைக்கூடக் கேட்டார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த என்னைக் காட்டி, "அவங்களுக்கு சர்வர்லாம் தெரியாது சார்" என்றான் குகன். உங்கள் ஆள் தலையாட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அதனால்தான் நானே டாக்சி பிடித்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்குத் தெரியும், மேடம். எனக்கு எல்லாம் தெரியும்.

ஒருத்தராவது என்னைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ரஃபீக்கின் போனையும் பார்த்துவிட்டீர்களா? சரி. ஆமாம், ரஃபீக் கூப்பிட்டான். கிளம்புவதற்கு முன்னால்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்த லோரிக்குத் தம்புசாமி அண்ணன் தன் கையால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அதை நசுக்கிக்கொண்டுதான் வண்டி வெளியே போகும். தன் வேலையில் அவருக்குத் திருப்தியில்லை என்றால் பழம் வைக்கமாட்டார். டிரைவர்களுக்கு அது தெரியும்.

"அக்கா, ஸ்க்ரீன்ல பச்சையா இருக்கு. ஆனா கீழ பழத்தையே காணோம்" என்றான். "எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா தம்பு அண்ணன் பழம் வைக்காம வண்டிய வுடமாட்டாரே. அவருக்கு அடிச்சா எடுக்கல, கோயில்ல இருப்பாரு. எனக்கு இந்த சர்வர்மேல நம்பிக்கை இல்லக்கா. நீங்க சொல்லுங்க, எடுக்கலாமா?"

நல்ல பையன், மேடம். ஒரு வருடம் கழித்து என்னைக் கேட்டது அவன் ஒருவன்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

"எடு தம்பி" என்றேன். "நான் சொல்றேன்ல."