வகிட்டிலிருந்து முளைக்கும் முடி

நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கதிரை ஆடுகிறது, ஐயா. ஒரு கடதாசியை மடித்துக் காலுக்கடியில் வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குறையைச் சொன்னால்தானே திருத்த முடியும் என்று எங்கள் ரத்தினம்மா எப்போதும் சொல்வாள். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

ரத்தினம்மா என் தம்பி ராஜலிங்கத்தின் பெண்சாதி. என் பெயர் ராக்கம்மா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். புருஷன் செத்த பிறகு கட்டுக்கலையில் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். தம்பிக்கு ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை. சோறு போட்டான், முடங்க ஒரு மூலை கொடுத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு அவனுடையது, அடுப்பு அவளுடையது. எனக்கென்று அங்கே இருந்தது என் பொம்மைகள்தான்.

களிமண்ணில் தலை செய்து, சுண்ணாம்பு பூசி, கண்ணும் முடியும் எழுதி, இலவம்பஞ்சு அடைத்த துணி உடம்பில் சேர்த்துத் தைப்பேன். டவுன் வாவியைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விரும்பி வாங்குவார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் மஹ்மூத் நானா வந்து எடுத்துப்போவார். "இது ராக்கம்மாட பொம்மை" என்று சொல்லித்தான் விற்பார். என் பெயரை ஒருவர் மரியாதையாகச் சொன்னது அந்தக் கடையில் மட்டும்தான்.

முதலில் நான் தலை முழுக்கக் கறுப்பை அப்பி விடுவேன். ஒரு நாள் ரத்தினம்மா சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"என்ன மதினி, சட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. கோவிச்சுக்காதீங்க. வகிட்டுல ஆரம்பிச்சு இழுங்க. முடியிற எடத்துல கைய லேசாத் தூக்கணும்."

சொன்னதோடு நிற்க மாட்டாள். என் தூரிகையை வாங்கி, நுனியை உதட்டில் வைத்து நனைத்துக் கூராக்கி, நாலு இழை எழுதிக் காட்டுவாள். அந்த நாலு இழை மட்டும் காற்றில் அசைவதுபோல இருக்கும். நீங்களும் வாயில் வைத்துக் கூராக்குங்கள் மதினி என்பாள். அவள் சொன்னதில் நான் ஏற்காதது அது ஒன்றுதான். நான் சிரட்டை விளிம்பில் தேய்த்துத்தான் கூராக்குவேன்.

மற்றதெல்லாம் கேட்டேன். எல்லா முடியும் ஒரே தடிப்பாக இருந்தால் அது கம்பி என்றாள். மெல்லிதும் தடிப்புமாகக் கலந்தேன். வெறும் கறுப்பு போதாது என்றாள். அடியில் காவியைப் பூசி மேலே கறுப்பை இழுத்தேன். நெற்றி ஓரத்தில் பூனைமயிர் வேண்டும் என்றாள், அதையும் எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ரகம் நான் இல்லை.

என்ன திருத்தினாலும் கடைசியில் ஒன்று சொல்வாள். "எல்லாஞ் சரி மதினி. ஆனா மேல ஒட்டுன மாதிரி இருக்கு. முடின்னா மண்டையிலருந்து மொளைக்கணும்."

பிறகு மஹ்மூத் நானா பொம்மையைக் கையில் எடுத்ததுமே, "இது ரத்தினம்மா பார்த்ததா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு நாள் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "இனி முடிய அவ எழுதட்டும். நீங்க பஞ்ச அடைங்களேன்."

ரத்தினம்மா உடனே மறுத்தாள். "அது மதினி வேல நானா. நான் கொறதான் சொல்லுவேன்."

அவள் எனக்காகப் பேசினாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என் வேலையை எனக்கே பிச்சை போட்டாள். அந்தத் தயவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் சிரித்தேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த ரொட்டியும் கட்டச்சம்பலும் நான்தான் செய்து கொடுத்தேன்.

பஞ்சு மூட்டையை எலி கடிக்கும். அதற்கென்று பாஷாணம் வாங்கி வைத்திருந்தோம். தம்பிதான் வாங்கி வந்தான், அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அதை நான் சோற்றில் கலக்கவில்லை, தேத்தண்ணியில் கலக்கவில்லை. ஊட்டிக் கொல்கிற பாதகி இல்லை நான். முடி எழுதுகிற தூரிகையில் மட்டும், கொஞ்சமாகத் தடவி வைத்தேன். என் வேலையில் குறை இல்லையென்றால் அந்தத் தூரிகை அவள் வாய்க்குப் போகவே போகாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பாள். எத்தனையோ தடவை பொம்மையை அவள் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு தடவையாவது நல்லாயிருக்கு மதினி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம்.

ஒவ்வொரு தடவையும் அவள் கையை நீட்டித் தூரிகையைக் கேட்டாள்.

மலேரியா ஊரைப் புரட்டிப் போட்டதற்கு அடுத்த வருஷம் அது. வாந்தி என்றாலும் சோர்வு என்றாலும் காய்ச்சலின் மிச்சம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாயில் விழுந்ததும் நான்தான் பார்த்துக்கொண்டேன். கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன். "அக்கா, நீ இல்லாட்டி இவள யாரு பாத்துக்குவா" என்று தம்பி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பில்லை, ஐயா.

அவளுக்கு இடுப்புவரை முடி. அது கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. தினமும் எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்டேன். முடி குறையக் குறைய மண்டை தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வகிட்டில் முடி நேராக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியிலிருந்து சாய்ந்து கிளம்புகிறது, கிளம்புகிற இடத்தில் தோல் சற்றே நிழல் கட்டுகிறது. அந்த நிழலைத்தான் நான் இத்தனை நாளும் விட்டிருந்தேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு பொம்மை எழுதினேன்.

அதைக் கொண்டுவந்து காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுதான் மதினி முடி. கோதிவிடலாம் போல இருக்கு."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கொல்லைப்புறம் போய் அந்தத் தூரிகையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இனி வேண்டாம், இவள் பிழைக்கட்டும் என்று மனதார நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஈரத் தூரிகையோடு திரும்பி வந்தபோது அவள் இன்னும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுதான் மதினி சரியில்ல. செத்தவ கண்ணு மாதிரி இருக்கு. பிரஷக் குடுங்க, காட்டுறேன்."

பொறு புள்ள, சாயம் எடுத்து வாறேன் என்று உள்ளே போனேன். சாயத்தோடு மற்றதையும் எடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சமாக எடுக்கவில்லை. அவள் வாயில் வைத்துக் கூராக்கினாள். கை ஆடியதால் திரும்பத் திரும்பக் கூராக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தை உங்கள் டாக்டர் வயிற்றைக் கீறிக் கண்டுபிடித்துவிட்டாராம். நான் எதையும் மறுக்கவில்லை. கோபத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குறை சொன்னதற்காக யார்மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

உயிர் போன பிறகும் விடியுமட்டும் அவள் பக்கத்திலேயே இருந்தேன். தம்பி வந்து இமையை மூடும்வரை அவள் கண்ணையும் பொம்மையின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். செத்த கண் அப்படி இருக்காது, ஐயா. அந்த ஒன்றில் ரத்தினம்மா சொன்னது பிழை.